தொட்டியில் ஒட்டு மா: உயரமாகப் போகிறது, பூ மட்டும் வரவில்லை

இலைநரம்பு:

எல்லாருக்கும் வணக்கம். தொட்டியில் வளரும் ஒட்டு மா பற்றி ஒரு சந்தேகம், கொஞ்சம் விளக்கமாகவே கேட்கிறேன்.

ஆம்ரபாலி என்று சொல்லித்தான் கன்றைக் கொடுத்தார்கள். குட்டையாகவே இருக்கும், தொட்டிக்கு ஏற்றது என்றார்கள். இப்போது மூன்றாவது வருஷம். ஒரே தண்டாக என் தலையைத் தாண்டிப் போய்விட்டது. கீழே பாதி உயரம் வரைக்கும் மொட்டைத் தண்டு, இலையெல்லாம் மேல் பாதியில்தான். இலைக்குக் குறையே இல்லை, கரும்பச்சையாகப் பளபளவென்று இருக்கிறது. வருஷத்துக்கு நாலைந்து தடவை துளிர் விடுகிறது. பூ மட்டும் இதுவரை எட்டிப் பார்க்கவில்லை.

தொட்டி 40 லிட்டர். மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சமபங்கு. 15 நாளைக்கு ஒருமுறை புண்ணாக்குக் கரைசல், தினமும் தண்ணீர். காலையிலிருந்து மதியம் தாண்டும் வரை நேர் வெயில் விழும்.

ரகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? உச்சியை வெட்டலாமா, வெட்டினால் மரம் பட்டுப்போகுமா? அடித்தண்டில் மண்ணுக்குக் கொஞ்சம் மேலே புதிதாக ஒரு கிளை முளைத்திருக்கிறது, இலை கொஞ்சம் ஒடுக்கமாக, வேறு மாதிரி தெரிகிறது. அதையே வளரவிட்டு மேலே இருப்பதை எடுத்துவிடலாமா என்றும் ஒரு யோசனை.

---

விதைமுளை:

ரொம்பச் செல்லம் கொடுக்கிறீங்க. தண்ணீரை அடியோடு நிறுத்துங்க. இலை நல்லா தொங்குற வரைக்கும் காயவிட்டு, அப்புறம் ஒரே தடவையா நிறைய ஊத்துங்க. மரம் பயந்து பூ விடும். கத்தரியை எடுக்காதீங்க, மாவை வெட்டினா காய்ப்பு தள்ளித்தான் போகும். கீழே வந்த கிளை தெம்பா இருந்தா அதை வெச்சுக்கலாம்.

---

கவாத்துக்கத்தரி:

தம்பி, முதலில் அந்தக் கீழ்க்கிளை. விதைமுளை சொன்னதை இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து கேட்காதீர்கள். இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அடித்தண்டில் மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் சாய்வான தழும்போ சின்ன வீக்கமோ கையில் தட்டுப்படும். அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறமும் சொரசொரப்பும் கொஞ்சம் மாறியிருக்கும். அதுதான் ஒட்டு. அதற்கு மேலே இருப்பது நீங்கள் கேட்டு வாங்கிய ரகம். கீழே இருப்பது கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடி, அதன் காய் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேரிலிருந்து வருவது முதலில் அதன் வழியாகத்தான் ஏறுகிறது, அதனால் அங்கிருந்து கிளம்பும் கிளைக்கு வேகம் அதிகம். விட்டால் மேலே உள்ள ஒட்டு மெலிந்து போகும். தெம்பாக இருக்கிறது என்பதுதான் அதை எடுக்கக் காரணமே. இளசாக இருந்தால் விரலால் பக்கவாட்டில் கிள்ளி, அடிமொட்டோடு பிய்த்துவிடுங்கள். முற்றியிருந்தால் தண்டோடு ஒட்டி வெட்டுங்கள், குச்சி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். மறுபடி வரும். மறுபடி எடுங்கள்.

ரகத்தைப் பற்றி. ஆம்ரபாலி டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட கலப்பு. தசேரியையும் நீலத்தையும் சேர்த்தது. தசேரி ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கும் பழக்கம் உள்ளது, நீலம் வருஷாவருஷம் காய்க்கும். அந்த நல்ல குணம் ஆம்ரபாலிக்கு வந்தது, கூடவே சின்ன உருவமும் வந்தது. தோட்டங்களில் இரண்டரை மீட்டர் இடைவெளியில், ஹெக்டேருக்கு 1600 மரம் வரை நடுகிற அளவுக்குச் சின்னது. ஆனால் அந்தத் தோட்டங்களிலும் கவாத்து உண்டு. சின்ன ரகம் என்றால் மெதுவாக வளரும், கணு நெருக்கமாக இருக்கும், வெட்டினால் அடங்கும், அவ்வளவுதான். ஒரு தடவையும் வெட்டாத கன்று எந்த ரகமாக இருந்தாலும் ஒற்றைத் தண்டாகத்தான் ஏறும். அதனால் உங்கள் கன்று உயரமாகப் போவதை வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அது ஆம்ரபாலிதானா என்பது பழம் வந்தால்தான் தெரியும். சதை நல்ல ஆரஞ்சாக இருக்க வேண்டும், பழம் சிறிசாக இருக்க வேண்டும்.

ஏன் கிளைக்காமல் ஏறுகிறது என்று புரிந்துவிட்டால் கத்தரியைப் பிடிக்கக் கை நடுங்காது. மா தொடர்ச்சியாக வளர்கிற மரம் இல்லை. ஒரு வீச்சில் அரை முழம் துளிர் விடும், நிற்கும், இலை முற்றும், பிறகு அடுத்த வீச்சு. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி ஒரு வளையம் கட்டும், அதன் நடுவில் ஒரு நுனி மொட்டு உட்கார்ந்திருக்கும். அந்த நுனி மொட்டு இருக்கிறவரை கீழே உள்ள மொட்டுகளை அது விழிக்க விடாது. அதை எடுத்தால்தான் மற்றவை கண் திறக்கும்.

தண்டை இப்போது போய்ப் பாருங்கள், அந்த வளையங்கள் வரிசையாகத் தெரியும். இலை உதிர்ந்த இடத்திலும் தழும்புகள் நெருக்கமாக இருக்கும். வளையத்துக்கு மேலே வெட்டினால் அந்த ஒரே இடத்திலிருந்து ஏழெட்டு முளை குபுக்கென்று கிளம்பும். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே புள்ளியில் பிறந்தவை, பின்னால் காய் கனம் தாங்காமல் அந்த இடம் பிளக்கும். வளையத்துக்குக் கீழே, இலைகள் தள்ளித் தள்ளி இருக்கிற பகுதியில் வெட்டினால் மூன்று அல்லது நான்கு முளைதான் வரும், அவையும் கொஞ்சம் மேலும் கீழுமாக வரும். நமக்கு வேண்டியது அதுதான்.

உங்கள் மரத்தில் பாதி வரைக்கும் இலை இல்லை. மா பட்டுப்போகாது, வயதான மரத்தையே கட்டைவரை வெட்டித் துளிர்க்க வைப்பார்கள். இருந்தாலும் தொட்டிச் செடியை மொத்த இலையையும் எடுத்து மொட்டையடிக்க எனக்கு மனம் வராது. இப்போதைக்கு ஒரு மீட்டர் உயரத்துக்கு அருகில், கொஞ்சம் இலை மிஞ்சும்படி, ஒரு வளையத்துக்குக் கீழே வெட்டுங்கள். மொட்டைத் தண்டிலிருந்தும் முளை வர வாய்ப்பு உண்டு. நல்ல இடத்தில் வந்தால், அது முற்றிய பிறகு இன்னும் கீழே இறக்கிக்கொள்ளலாம். இத்தனை நாள் நிழலில் இருந்த பட்டையில் திடீரென்று வெயில் அடித்தால் வெந்துபோகும், அதனால் தண்டுக்குச் சுண்ணாம்புக் கரைசலோ தண்ணீர் கலந்த வெள்ளைப் பெயிண்டோ பூசுங்கள். எண்ணெய்ப் பெயிண்ட் கூடாது.

எப்போது வெட்டுவது? துளிர் செம்பு நிறத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது வேண்டாம். அது பச்சையாகி, விறைத்து, தொட்டால் தோல் மாதிரி ஆகட்டும். பூக்கும் பருவத்துக்கு முந்தைய மாதங்களிலும் வேண்டாம். காய்த்த மரமென்றால் பறித்து முடித்ததும் வெட்டிவிட வேண்டும். காரணம், மா பூப்பது முற்றிய கிளையின் நுனியில். துளிர் வந்து நாலைந்து மாதம் முற்றிய நுனிக்குத்தான் பூக்கத் தெம்பு. வெட்டினால் காய்ப்பு தள்ளிப்போகும் என்று விதைமுளை சொன்னது காலம் தப்பி வெட்டினால் உண்மை. சரியான காலத்தில் வெட்டினால் ஒரு நுனி இருந்த இடத்தில் மூன்று நுனி, அடுத்த வெட்டுக்கு ஒன்பது. நுனிகள்தான் பூங்கொத்து.

வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டுவாயில் தெளிவாக ஒரு துளி கூடும், அப்புறம் வழியும். முந்திரிக் குடும்பத்து மரம் இது, அந்தப் பால் சிலருக்குத் தோலைப் பொசுக்கிக் கொப்பளிக்க வைத்துவிடும். முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக, பூ வராததற்கு உங்கள் பதிவிலேயே பதில் இருக்கிறது: கரும்பச்சை இலை, வருஷத்துக்கு நாலைந்து துளிர், 15 நாளைக்கு ஒரு புண்ணாக்குக் கரைசல். தழைச்சத்து அளவுக்கு மேல் போகிறது. நுனி முற்றுவதற்குள் அடுத்த துளிர் வந்துவிட்டால் எப்படிப் பூக்கும்? கரைசலை நிறுத்துங்கள். வெட்டியதும் வரும் முதல் துளிருக்கு மட்டும் ஒரு கைப்பிடி மண்புழு உரமும் இலைமேல் கொஞ்சம் துத்தநாகமும் போரானும் கொடுங்கள். பிறகு பூக்கும் பருவம் கழியும் வரை தழைச்சத்தே வேண்டாம்.

தண்ணீரை வாடும் வரை நிறுத்துவது நிலத்து மரத்துக்கு வேண்டுமானால் சரி, அதன் வேர் ஆழத்தில் தேடிக்கொள்ளும். 40 லிட்டருக்குள் அடைபட்ட வேருக்குத் தேட இடமில்லை, இலை தொங்கும் நேரத்தில் நுனி வேர்கள் செத்துக்கொண்டிருக்கும். மேல்மண் இரண்டு விரல் ஆழம் காய்ந்த பிறகு ஊற்றுங்கள், அடியில் வழியும் வரை. பூப்பருவத்துக்கு முன்னால் அந்த இடைவெளியைக் கொஞ்சம் நீட்டுங்கள், போதும். மொட்டு வந்துவிட்டால் பழையபடி ஒழுங்காகக் கொடுக்க வேண்டும்.

---

விதைமுளை:

நுனி முற்றணும்னு நீங்க சொன்னது எனக்குப் புதுசு. என் மரம் தரையில்தான் நிக்குது, தொட்டிக்கும் அதுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்னு யோசிக்கலை. சரி, இரண்டு கேள்வி. கொட்டை போட்டு முளைச்ச செடியைத் தொட்டியில் வைத்தா தாய் மாதிரியே காய்க்குமா? அப்புறம் வளர்ச்சியைக் குறைச்சுப் பூக்க வைக்கிற மருந்து ஒண்ணு மண்ணில் ஊத்துறாங்களே, பேக்லோபுட்ரசால், அதை வீட்டில் பயன்படுத்தலாமா?

---

கவாத்துக்கத்தரி:

கொட்டையை உடைத்துப் பருப்பை நட்டுப் பாருங்கள். ஒரே ஒரு முளை வந்தால் அது தாயும் தகப்பனும் கலந்த பிள்ளை, தாயைப் போலவே இருக்காது. நம் நாட்டு ரகங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். தாய்லாந்தின் நாம் டாக் மாய் போன்ற தென்கிழக்காசிய ரகங்களில் ஒரே கொட்டையிலிருந்து பல முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே வந்தவை, தாயை அப்படியே உரித்து வைத்திருக்கும். ஆனால் எதுவாக இருந்தாலும் விதைச்செடி பூக்கப் பல வருஷம் காத்திருக்க வேண்டும், அதுவரை தொட்டியில் அடக்கி வைப்பது பெரும்பாடு. விதைச்செடியை வேர்ச்செடியாக வைத்து, அதன் தலையில் பிடித்த ரகத்தை ஒட்டிவிடுங்கள். காய்த்த மரத்தின் குச்சிக்குப் பூக்கும் வயது ஏற்கெனவே வந்துவிட்டது, மூன்று நான்கு வருஷத்தில் பலன் தெரியும்.

பேக்லோபுட்ரசால் வீட்டுத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். தண்டை நீள வைக்கிற ஜிப்ரலின் என்ற ஹார்மோனை மரம் தயாரிக்க விடாமல் அது தடுக்கிறது. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் மண்ணில் நெடுநாள் தங்கும். பெரிய மரத்துக்கே சில கிராம்தான் கணக்கு. தொட்டிக்கு அதைச் சரியாக அளக்க வீட்டில் வழியில்லை. கூடிப்போனால் கணுக்கள் சுருண்டு, துளிர் கொத்தாகக் குன்றி, அந்த மண்ணையே மாற்ற வேண்டிவரும். கத்தரியால் முடிகிற வேலைக்கு எதற்கு இது?

---

வெளிறியவெயில்:

நான் இருக்கும் ஊரில் குளிர்காலத்தில் பனி உறையும். சிறிய ரகம் ஒன்றைத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். இலை நுனியெல்லாம் பழுப்பாகக் கருகுகிறது. குளிர்ப் பக்கம் மா வளர்ப்பதே வீண் வேலையா?

---

கவாத்துக்கத்தரி:

வீண் இல்லை. ஜப்பானின் மியாசாகியில் உலகமே ஆசைப்படுகிற சிவப்பு மாம்பழத்தைப் பசுமைக்குடிலுக்குள்தான் விளைவிக்கிறார்கள். அது இர்வின் என்ற ஃபுளோரிடா ரகம். சொல்லப்போனால் பூக்கிற விஷயத்தில் உங்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. இரவு வெப்பம் 15 டிகிரிக்கு அருகே சில வாரம் இருந்தால் முற்றிய நுனிகள் பூவுக்குத் திரும்பும். வெப்பம் குறையாத இடத்தில்தான் வறட்சியையும் நுனியின் வயதையும் நம்ப வேண்டியிருக்கிறது. ஆக, இலையுதிர்காலம் ஆரம்பித்ததும் அவசரப்பட்டு உள்ளே கொண்டுபோகாதீர்கள். இரவு 5 டிகிரியை நெருங்கும்போது உள்ளே எடுத்தால் போதும். உறைபனி மட்டும் படவே கூடாது, இளங்கன்று அதிலேயே போய்விடும்.

இலை நுனி கருகுவது பெரும்பாலும் உப்பு. தண்ணீரிலும் உரத்திலும் உள்ள உப்பு தொட்டி மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மண்மேல் வெள்ளைப் படிவம் தெரிகிறதா பாருங்கள். தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடிவழியே முழுக்க வடியவிடுங்கள். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மழைத்தண்ணீர் கிடைத்தால் மிகவும் நல்லது. ஜன்னல் வெளிச்சம் குளிர்காலத்தை ஓட்டத்தான் ஆகும், பூக்கவும் காய்க்கவும் நேர் வெயில் வேண்டும். வெப்பமான மாதங்களில் வெளியே வையுங்கள். ஒரேயடியாக வெயிலில் தூக்கி வைத்தால் இலை வெந்துவிடும், நாளுக்கு நாள் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்குங்கள்.

வீட்டுக்குள் பூத்தால் மகரந்தம் சேர்க்க ஆள் இல்லை. வெளியே அந்த வேலையை முக்கால்வாசி ஈக்கள்தான் செய்கின்றன. உள்ளே என்றால் மெல்லிய தூரிகையால் கொத்து முழுக்கத் தடவிவிடுங்கள்.

---

இலைநரம்பு:

அக்கா, உங்கள் பதிலை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் மாடிக்குப் போனேன். ஒட்டுத் தழும்பு சரியாக ஒரு சாணில் இருந்தது, அந்தக் கிளை அதற்குக் கீழேதான். பிய்த்துவிட்டேன். தண்டில் வளையங்களும் தெரிகின்றன, இத்தனை வருஷம் கண்ணில் பட்டும் படாமல் இருந்திருக்கிறது. உச்சியில் இப்போது செம்புத் துளிர் தொங்குகிறது, அதனால் வெட்டவில்லை, பச்சையாகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இன்னும் மூன்று கேட்டுவிடுகிறேன். தொட்டியை எப்போது மாற்ற வேண்டும்? வருவது பூ மொட்டா, துளிர் மொட்டா என்று முன்கூட்டியே தெரியுமா? பூ வந்துவிட்டால் எத்தனை காய் விடலாம்?

---

கவாத்துக்கத்தரி:

பச்சையாகும் வரை காத்திருப்பது சரியான முடிவு.

உச்சியை வெட்டிய பிறகு, அடுத்த துளிர் முற்றியதும் தொட்டியை மாற்றுங்கள். 60 முதல் 80 லிட்டர் இருந்தால் நெடுநாள் தாங்கும். அதற்கு மேல் தூக்க முடியாது. மண் கலவையையும் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். மண்புழு உரமும் நார்க்கழிவும் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால், மக்கி அமுங்கித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கரடுமணலோ சிறுகல்லோ மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். வெளியே எடுக்கும்போது வேர் தொட்டிச் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வந்திருக்கும். அப்படியே புதுத் தொட்டியில் இறக்கினால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வெளிச்சுற்றை இரண்டு விரல் கனத்துக்குச் சுற்றிலும் செதுக்கிவிட்டு நடுங்கள். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை, காய் பறித்தபின், இதே வேலையைச் செய்து அதே தொட்டியிலேயே திருப்பி வைக்கலாம். ஒட்டு எப்போதும் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

மொட்டு விஷயம் கண்ணாலேயே தெரியும். துளிர் மொட்டு ஒல்லியாக, கூராக இருக்கும். பூ மொட்டு புடைத்து, அடி அகலமாகி, செதில்கள் விலக ஆரம்பிக்கும். இரண்டும் கலந்து இலையும் பூவுமாக வருவதும் உண்டு. அந்தச் சமயத்தில் கொத்தின் காம்பை ஒட்டித் தத்துப்பூச்சியைத் தேடுங்கள். ஆப்பு வடிவத்தில் மிகச் சின்னதாக இருக்கும், கை பட்டால் பக்கவாட்டில் நகர்ந்து தாவும். அது சாற்றை உறிஞ்சி இனிப்பாகக் கழிக்கும், அதன்மேல் கரும்பூசணம் படரும். மொட்டு விரியும் முன்னேயே வேப்ப எண்ணெய்க் கரைசலை மாலையில் அடித்துவிடுங்கள். பூ மலர்ந்த பிறகு எதுவும் அடிக்கக் கூடாது, ஈயும் தேனீயும் வரவேண்டும். கொத்தில் மாவு தூவியதுபோல வெள்ளை படர்ந்தால் அது சாம்பல் நோய், நனையும் கந்தகத்தை மொட்டுப் பருவத்தில் குளிர்ந்த வேளையில் அடித்தால் அடங்கும். சில கொத்து பூக்காமல் காலிஃப்ளவர் போலக் கட்டியாகத் திரண்டு நின்றால், அது உருத்திரிபு என்ற பூசண நோய். அரை முழம் கீழே சேர்த்து வெட்டி அப்புறப்படுத்துங்கள். கத்தரியைச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த கிளைக்குப் போங்கள்.

காய் பற்றி. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில், சிலதில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். பெரும்பகுதி ஆண் பூ, அதெல்லாம் உதிரத்தான் வேண்டும். பிஞ்சு பிடித்த பிறகும் பட்டாணி அளவிலும் கோலிக்குண்டு அளவிலும் கொட்டும். நூற்றில் ஒன்று நின்றால் அதுவே நல்ல கணக்கு. அதைப் பார்த்துப் பயந்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள். முதல் பூப்பில் ஆசை விடாது, தெரியும். ஆனால் தண்டு பெருவிரல் கனம்கூட இல்லையென்றால் எல்லாப் பிஞ்சையும் எடுத்துவிடுங்கள். கனம் இருந்தால் மொத்த மரத்துக்கு இரண்டோ மூன்றோ விடுங்கள், கிளைக்கு ஒன்றாக. ரகம் அசல்தானா என்று பார்க்க அது போதும். மற்ற சத்தெல்லாம் கிளைக்குப் போகட்டும்.

முற்றியதை அறிய ஒரு வழி சொல்கிறேன். காம்பு இறங்கும் இடத்தில் பிஞ்சாக இருக்கும்போது தோள் சரிந்திருக்கும். முற்ற முற்ற இரண்டு தோளும் உயர்ந்து, காம்பு ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கியதுபோல ஆகும். சந்தேகமிருந்தால் முதல் காயைப் பறித்துத் தண்ணீரில் போடுங்கள், முற்றியது அமிழும். பறிக்கும்போது ஒரு விரல் நீளம் காம்போடு வெட்டி எடுங்கள். பிறகு காயைத் தலைகீழாகப் பிடித்து, காம்பை அடியோடு நறுக்கி, பால் முழுக்கக் கீழே சொட்டும் வரை தோலில் படாமல் வைத்திருங்கள். அது வழிந்த இடமெல்லாம் பழுக்கும்போது கருத்துவிடும்.